காக்கா முடக்குக்கு மேலே

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா முதலில் கேட்டது மாப்பிள்ளையின் வேலையைப் பற்றியல்ல. குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்கவில்லை. "ஒங்க லயத்துல காக்கா இருக்குங்களா?" என்று கேட்டார்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்படியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு மானமே போயிற்று. மாப்பிள்ளையின் அம்மாதான் சமாளித்தார்.

"எங்கது ரொம்ப ஒசரங்க. பொகவந்தலாவையில எறங்கி இன்னும் மேல ஏறணும். அந்தக் குளிருக்குக் காக்கா எல்லாம் வர்றதில்லீங்க."

அப்பா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும். அவர்கள் வாசலைத் தாண்டியதும், "காக்கா அண்டாத எடத்துல பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

இது அவருடைய பழைய கிறுக்கு. எந்தத் தோட்டத்திலிருந்து யார் வந்தாலும், துக்கம் கேட்க வந்தவராக இருந்தாலும், அழுது முடித்து மூக்கைத் துடைக்கும் நேரம் பார்த்து, உங்கள் லயத்துக் கூரையில் காக்கை உட்காருமா என்று விசாரிப்பார். இளவட்டமாக இருந்தபோது மூன்று தோட்டம் மாறியவர் அவர். ஒவ்வொரு முறையும் பழைய தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிக்கொள்வதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் தோட்டத்துக்கு நடந்து போவாராம். துரையைப் பார்க்கமாட்டார், கங்காணியிடம் பேசமாட்டார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அதுக்குத் தெரியும்" என்றாராம். என்ன தெரியும் என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் சிரித்ததோடு சரி.

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. காரணம் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுக் குவளையைத் தானே எடுத்துப்போய்ப் பீலியில் விழும் தண்ணீரில் கழுவி வைத்தார். அப்படி ஓர் ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் அப்பாவிடம் வாயாடினேன்.

"நான் மாப்பிள்ளயத்தானப்பா கட்டிக்கப்போறேன். காக்காயவா?"

அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சரி தாயி. ஒன் இஷ்டம். ஆனா நான் அங்கன வரமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். கொத்மலைப் பக்கத்துக் கோயிலில் கல்யாணத்தை முடித்து பஸ் ஏற்றிவிட்டதோடு சரி, ஒரு நாளும் மேலே வரவில்லை. அப்போது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பயணத்தில்தான் எனக்கு ஒரு புத்தி வந்தது. கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அழவேண்டும் என்று அத்தைமார்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானோ ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் பக்கம் இருந்த தென்னை ஓர் இடத்தோடு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் பாக்கு மரம் இல்லை. பிறகு பலா. முருங்கையை டிக்கோயாவுக்கு வருமுன்பே காணவில்லை. வாழை மட்டும் விடாப்பிடியாகக் கூட வந்தது. ஆனால் ஏற ஏறக் குட்டையாகி, கிழிந்த இலையோடு நடுங்கிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள் அவரவர் ஊரில் இறங்கிக்கொண்டதுபோல இவையும் ஒவ்வொரு முடக்கில் இறங்கிக்கொண்டன. இறங்கச் சொன்னது யார் என்று என் புது மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"யாரு எறங்குனா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார் அவர்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் இறங்கினோம். இறைச்சிக் கடைத் தகரத்தின்மேல் அண்டங்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து குறுக்குப் பாதையில் நடந்தோம். ஒரு மைல் ஏறியதும் பெரிய சவுக்கு மரம் நின்ற வளைவில் இரண்டு காக்கைகள் இருந்தன. அதற்குப் பிறகு, தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல்கணக்கு லயம் வரைக்கும், ஒன்றும் இல்லை. அந்த வளைவுக்குப் பெயரே காக்கா முடக்கு.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசை அன்றும் திவசத்தன்றும் நம் ஆட்கள் காக்கைக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் கை நனைப்பார்கள். மேல்கணக்கில் கொத்துவதற்கு ஆள் இல்லை. அதனால் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை சோற்றை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு காக்கா முடக்குக்கு இறங்கிப் போவான். பாறைமேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டு, காக்கை எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வருவான். அதுவரைக்கும் வீட்டில் எல்லோரும் ஆறிப்போன சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆடி அமாவாசையன்று பார்த்தால் முப்பது ஆண்கள் பொட்டலத்தோடு வரிசையாக இறங்குவார்கள். காக்கைகளுக்கும் அந்த நாள் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

நான் போன முதல் மாதமே, இங்கே ஏன் காக்கை இல்லை என்று எல்லோரையும் கேட்டுவிட்டேன். மாமியார், எல்லையில் நிற்கிற மாடசாமி கட்டுப் போட்டிருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் காற்று என்றார். கங்காணி, முந்தைய துரை தூக்கம் கெடுகிறதென்று எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளிவிட்டார் என்றார். அந்தத் துரை கப்பலேறி வருஷக்கணக்காகிறதே, அவர் போனது காக்கைக்குத் தெரியாதா என்று கேட்டேன். கங்காணி மறுநாள் என்னைச் செங்குத்து மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார். கேள்வி கேட்பதற்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் பரிசு கிடைக்கும்.

அதுவரை எல்லாம் விளையாட்டுத்தான். இரண்டாம் வருஷம் அப்பா இறந்துபோனார்.

தகவல் எங்கள் லயத்துக்கு ஏறி வருவதற்கு ஒரு நாள் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிப் பாலும் ஊற்றி முடித்திருந்தார்கள். தம்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு ஒன்று சொன்னான்.

"கடைசி வாரம் பூரா ஒன்னத்தான்க்கா கேட்டாரு. அக்கா லயத்துக்குக் காக்கா வந்துச்சாமாடான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அந்த வார்த்தை என்னைக் குத்திய குத்து கொஞ்சமல்ல. காக்கை இல்லாத இடத்துக்கு வரமாட்டேன் என்றவர், உயிரோடு இருந்தவரை வரவில்லை. செத்தவர்கள் காக்கையாக வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. இனி அவர் வருவதானாலும் காக்கையாகத்தான் வரவேண்டும், என் கூரைக்கோ காக்கை வராது. என்மேல் உள்ள கோபத்தைச் சாவுக்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருக்க அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்து நினைத்து அழுதேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் வாசலில் நான் வைத்த சோற்றை என் கண் முன்னால் ஒரு காக்கை எடுக்கவேண்டும். அதற்குமேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

தலைத் திவசத்துக்கு மாமியார் முகம் சுளித்தார். "பொம்பளப் புள்ளைக்கு என்னாடி தெவசம்? ஒந்தம்பி வைப்பான்ல."

"அவன் அவனுக்கு வைக்கட்டும் அத்த. நான் எனக்கு வைக்கிறேன்."

கல்வாழை இலையில் சோறும் பருப்பும் வைத்துக் கூரையோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். வந்தது மாமியாரின் கோழி. ஒரே பாய்ச்சலில் தகரத்தில் ஏறி, அப்பாவுக்கு வைத்ததை நாலு கொத்தில் முடித்தது. மாமியாருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"பறவைதான. காக்காக் கணக்குல வச்சுக்க."

"ஒங்க கோழியா எங்கப்பா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் பொட்டலத்தோடு காக்கா முடக்குக்குப் போனார். அன்று சரியான மழை. மனுஷர் போன வேகத்திலேயே வந்து, காக்கை எடுத்துவிட்டது, சாப்பிடலாம் என்றார். எனக்கு ஆசை அடங்கவில்லை.

"எந்தப் பக்கமிருந்து வந்துச்சுங்க?"

"மேல... சவுக்கு மரத்துலருந்து."

"மொதல்ல எத எடுத்துச்சு?"

"வடயத்தான். வடய எடுத்துக்கிட்டு ஒன்ன மாதிரியே ஒரு பார்வ பாத்துச்சு."

"நான் வடையே சுடலியேங்க."

அவர் குவளை கழுவப் போய்விட்டார். பிறகு உண்மையைச் சொன்னார்: மழையில் காக்கை ஒன்றும் இல்லை, பாறைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய்தான். ஆனாலும் அப்பாவின் சோறு மழையில் கரைந்து ஓடியதை நினைக்கச் சோறு இறங்கவில்லை. தம்பியோ, அவன் வைத்த சோற்றைக் காக்கை கையிலிருந்தே பிடுங்காத குறை என்று சொல்லியனுப்பியிருந்தான். மகன் வீட்டுக்கு மட்டும் போகத் தெரிகிறது அவருக்கு.

பிறகுதான் நான் வேறுவிதமாக யோசித்தேன். ஒருவேளை காக்கைக்கு இந்த இடம் தெரியாதோ? மலைக்கு இந்தப் பக்கம் லயம் இருப்பதை எந்தக் காக்கையும் பார்த்ததே இல்லையோ? வழி தெரியாதவரைக் கூட்டிக்கொண்டு வருவதில் என்ன தப்பு?

தம்பியின் கல்யாணத்துக்குப் போனபோது அவனையே மரத்தில் ஏற்றினேன். புது மாப்பிள்ளை காக்கைக் கூட்டில் கையை விட்டு, பறக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு குஞ்சை எடுத்துத் தந்தான். தாய்க் காக்கை அவன் முகத்தை மறக்கவில்லை. அடுத்த ஒரு மாதம் அவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனானாம். நான் குஞ்சைக் கொழுந்துக் கூடையில் வைத்துத் துணியால் மூடி பஸ்ஸில் ஏறினேன். ஹட்டன் வரைக்கும் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு பசி வந்து கத்த ஆரம்பித்தது.

கண்டக்டர் சிங்களவர். துணியைத் தூக்கிப் பார்த்தார். "அம்மே! கபுட்டா!" என்றார். பஸ் முழுவதும் திரும்பியது. கோழி கொண்டுபோவார்கள், ஆட்டுக்குட்டி கொண்டுபோவார்கள், காக்கையை யாராவது பஸ்ஸில் கொண்டுபோவார்களா என்று அவர் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார்.

"எங்க ஊர்ல இல்லீங்க. அதான்," என்றேன்.

"இல்லாட்டி நல்லதுதானே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் இறக்கிவிடவில்லை.

மேல்கணக்கே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டு வாரம் ரொட்டியும் சோறும் ஊட்டி வளர்த்தேன். மார்கழிக் குளிரில் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம். அது தகரத்தின்மேல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. பறக்கவும் பழகிவிட்டது. மாமியார்கூடக் கோழியை மறந்து அதற்கு ரொட்டித் துண்டு போட்டார். காற்று, குளிர், மாடசாமி என்று சொன்னவர்கள் எல்லோரும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் அது லயத்துக் கூரையிலிருந்து எழும்பியது. வாழை மரத்துக்கு மேல் ஒரு சுற்று சுற்றியது. பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்து, காக்கா முடக்குப் பக்கமாக, கீழே கீழே போய்க் கறுப்புப் புள்ளியாகி மறைந்தது. கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்றபடி ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். மாமியார் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "வுடு புள்ள. மனுசனே நிக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லித் தோளைத் தட்டினார்.

அழுது முடித்ததும் என் மூளை சும்மா இருக்கவில்லை. அது குளிரில் சாகவில்லை. வழி தெரியாமலும் இல்லை, இடத்தைப் பார்த்துவிட்டது. பார்த்துவிட்டுத்தான் போயிற்று. அப்படியென்றால் இங்கே எதைக் காணவில்லை அதற்கு?

பதில் பாதி கடைத்தெருவில் கிடைத்தது. இறைச்சிக் கடை நானாவிடம் தகரத்தின்மேல் இருந்த காக்கைகளைக் காட்டி, இவற்றில் இரண்டை மேலே அனுப்புங்களேன் என்றேன். என் காக்கைக் கதை அதற்குள் கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது.

"நான் சொல்லி அது கேக்குமா புள்ள?" என்று சிரித்தார்.

"குளிருன்னு சொல்றாங்க நானா."

"குளிரா? நுவரெலியாவுல கட வச்சிருந்தேன். விடியக்காலம் புல்லு மேல வெள்ளையா ஒறஞ்சு கெடக்கும். ஒங்க மலைய வுட ஒசரம். அங்க மார்க்கெட்டுல காக்கா தொல்ல தாங்க ஏலாது."

"அப்ப எப்புடி?"

"மார்க்கெட்டு இருக்கே. எங்க மிச்சம் விழுதோ அங்க காக்கா. குளிராவது, மழையாவது."

மறு ஞாயிற்றுக்கிழமை நான் மேல்கணக்கைச் சுற்றி வந்தேன். லயத்துப் பின்பக்கக் கழிவுத் தண்ணீர்க் கான் முழுவதும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு பெண்கள் கூடவே தேடினார்கள். அடுப்புச் சாம்பல் கிடந்தது. தேயிலைச் சக்கை, கோழி இறகு, பீங்கான் சில்லு கிடந்தன. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? வாரத்துக்கு அளந்து கொடுக்கிற அரிசி பாதி வாரத்தில் தீர்ந்து ரொட்டிக்கு வந்துவிடுவோம். கஞ்சித் தண்ணீரை உப்புப் போட்டுக் குடித்துவிடுவோம். காய்த்தோல் கோழிக்கு, எப்போதாவது வாங்கும் இறைச்சியின் எலும்பு நாய்க்கு. தட்டைக் கழுவும் தண்ணீர்கூடத் தெளிவாகத்தான் ஓடும். கீழே கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் சிதறுவது எங்கள் நான்கு லயத்திலும் சேர்த்துச் சிதறாது.

காக்கை ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? அதை வரவழைக்க வேண்டுமானால் தினமும் சோறு போடவேண்டும். என் பங்கிலிருந்து தினம் ஒரு பிடி எடுத்துக் கூரையில் வைத்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அப்போது நான் ஆறு மாதம். அவர் அதற்கு முன்னும் பின்னும் என்னை அதட்டியதில்லை.

"வயித்துல உள்ளதுக்குப் போட மாட்ட, செத்துப் போனவருக்குப் போடுவியா?"

நான் வைப்பதை நிறுத்திக்கொண்டேன். அதோடு பல வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திவசத்தன்று அவர் காக்கா முடக்குக்குப் போய்வருவார். எடுத்ததா என்று நான் கேட்கமாட்டேன்.

என் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். முதுகுவலி வந்து மலைக்குப் போகமுடியாமல் ஆனதும், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னைப் பிள்ளைமடுவத்துக்கு மாற்றினார். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுப்போகிற இடம் அது. நான் அங்கே ஆயா. ஆட்டுவது, துடைப்பது, அதட்டுவது. வேலியோரச் செடிகளில் மூக்கில் கொம்பு வைத்த ஓணான்கள் நிறைய இருந்தன. கீழ்நாட்டில் நான் பார்க்காத சாதி. அவற்றைக் காட்டித்தான் அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புதுத் துரை வந்தார். பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கு ஒரு கோப்பை பாலும் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி ஒன்றும் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். முதல் நாள் பணிஸ் பெட்டி வந்ததும் மடுவம் முழுவதும் வாசனை. நான் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

பாதிப் பிள்ளைகள் தின்னவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு மீதியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு, அம்மாவுக்கு, நாளைக்கு. தின்ற பிள்ளைகள் மடியில் விழுந்த தூளை விரலில் ஒற்றி எடுத்து நக்கின. அவர்கள் போனபிறகு கூட்டினால் விளக்குமாற்றில் தூசிதான் வரும். இப்படியே ஆறேழு மாதம் போயிற்று. அந்தப் பணிஸ் நாளைக்கும் வரும் என்று அவர்கள் நம்ப அத்தனை நாள் பிடித்தது.

பிறகு மெல்ல மெல்லச் சட்டைக்குள் ஒளிப்பது குறைந்தது. விளையாட ஓடும்போது கையிலிருந்து விழுந்ததை எடுக்காமல் போனார்கள். ஒருவன் தன் பணிஸ் துண்டை இன்னொருவன்மேல் எறிந்தான். அவனை ஓங்கி ஒரு அடி வைத்தேன். ஒரு நாள் மூன்று வயதுப் பெண் ஒன்று பாதிப் பணிசைக் கொண்டுவந்து மடுவத்துச் சுவரில் வைத்தது.

"திங்கலியாடி?"

"வயிறு நெறஞ்சிருச்சு ஆயா."

நான் அந்த லயத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், இரண்டு பெற்றும் இருக்கிறேன். அந்த வார்த்தையை ஒரு பிள்ளை வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவளைத் தூக்கி அந்தச் சின்ன வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் சுவரில் ஒரு சத்தம். திரும்பினால், காக்கை. பெரிய அண்டங்காக்கை, மழையில் நனைந்த கறுப்பு. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. மிச்சப் பணிசை அலகில் கவ்விக்கொண்டு தகரத்தில் ஏறியது.

"வாங்கப்பா" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அது தனியாக வரவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. மூன்றாயின, ஐந்தாயின. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: அவை பணிசோடு நிற்கவில்லை. வேலியோரத்துக் கொம்பு ஓணான்களை ஒவ்வொன்றாகத் தூக்கின. அடுத்த மழைக்காலம் வரும்போது பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் ஓணான்கூட இல்லை. எனக்கு அது வருத்தம்தான். காக்கை இல்லாவிட்டால் நல்லதுதானே என்று அந்த பஸ் கண்டக்டர் சொன்னதைப் பலமுறை நினைத்துக்கொண்டேன். ஆடி அமாவாசைச் சோற்றை மடுவத்துச் சுவரிலேயே வைத்தார்கள், காக்கா முடக்குக்கு இறங்குவது நின்றுபோனது. அன்று வேலைக்கு மட்டம் போட இனி வேறு சாக்குத் தேடவேண்டும் என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள்.

முதல் காக்கை வந்த அன்றைக்கு மாலை, கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நானா சொன்னது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். கானில் குனிந்து பருக்கை தேடியவளும் நான்தான். இரண்டையும் அப்பாவோடு சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை நாள் புத்தி வரவில்லை. துரையையும் கங்காணியையும் விட்டுவிட்டு அவர் ஏன் கூரையைப் பார்த்தார்? பெண் பார்க்க வந்தவர்களிடம், என் மகளுக்கு அங்கே வயிறு நிறையுமா என்று ஓர் அப்பா எப்படிக் கேட்பது? கேட்டால் அவமானம், கேட்டாலும் எவர் உண்மை சொல்வார்? அதனால் பொய் சொல்லத் தெரியாததைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சாகும் வாரத்திலும் அவர் தம்பியிடம் கேட்டது அதைத்தான். நான் அதைக் கோபம் என்று பத்து வருஷத்துக்குமேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத் திவசத்துக்கு உளுந்து வடை சுட்டேன். வீட்டுக் கூரையில் வைத்தால் வராது என்று எனக்குத் தெரியும். பத்து மணிக்கு அவை எங்கே இருக்கும் என்பதும் தெரியும். இலையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்து, பணிஸ் கொடுத்து முடிந்ததும் மடுவத்துச் சுவரில் வைத்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

காக்கை வந்தது. சோற்றைப் பார்த்தது, பருப்பைப் பார்த்தது, பிறகு வடையை எடுத்தது. என் வீட்டுக்காரர் சொன்ன பொய் அன்றைக்கு உண்மையாயிற்று.

"யாரு ஆயா அது?" என்று கேட்டாள் அன்றைக்கு வயிறு நிறைந்தவள்.

"எங்கப்பா."

"என்னா கேக்குறாரு?"

"எல்லாரும் சாப்புட்டீங்களான்னு கேக்குறாரு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருபது பேரும் ஒரே குரலில், மலைக்கே கேட்கும்படி கத்தினார்கள்.

"சாப்புட்டோம் தாத்தா!"

காக்கை பயந்து பறக்கவில்லை. இன்னொரு வடையை எடுத்தது.